மகஜருக்கு முன்னால்

பினாங்கின் பெருநிலப் பகுதியில் ஒரு தமிழ்ப்பள்ளி. வாசலுக்கு நேரே இருவழிச் சாலை. பிள்ளைகள் அதைக் கடக்கிற நேரமும் லோரிகள் துறைமுகத்தை நோக்கி விரைகிற நேரமும் ஒன்றேதான், காலை ஏழு மணி. ஒருநாள் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண்பிள்ளையின் புத்தகப்பையை ஒரு வேன் உரசிக்கொண்டு போனது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பையின் வார் மட்டும் அறுந்து தொங்கியது.

அன்று மாலையே பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பெற்றோர் கூடினோம். இருபது நிமிடத்தில் முடிவு எடுத்தாகிவிட்டது: மகஜர், அதாவது கையெழுத்துகளோடு ஒரு கோரிக்கை மனு, கொடுப்போம். கல்யாணம் என்றால் பந்தல், பிரச்சினை என்றால் மகஜர் என்பது நம் ஊர் வழக்கம். நான்தான் தட்டச்சு செய்தேன். ‘பிள்ளைகளின் பாதுகாப்பை உறுதிசெய்ய உடனடி நடவடிக்கை எடுக்கவேண்டும்’ என்ற வரியை எழுதி முடித்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. மூன்று வாரம் வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். ஒரே தாளை எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் நாளிதழில் வந்தது. படத்தை வெட்டிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். பிறகு காத்திருந்தோம்.

மாதங்கள் கழித்து ஊராட்சி மன்றத்திடமிருந்து மலாயில் இரண்டு வரிப் பதில் வந்தது. மேற்படி சாலை எங்கள் பராமரிப்பில் இல்லை. அவ்வளவுதான். கடிதம் போட்டவர்கள் மீது கோபப்பட அதில் ஒன்றுமில்லை, அவர்கள் சொன்னது உண்மை. சாலை பொதுப்பணி இலாகாவுடையது. ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்திருக்கும். அத்தனை பேர் கூடியிருந்தோம், ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அந்த அழைப்பை முதலில் செய்து, மகஜரைக் கடைசியில் எழுதுவதற்குப் பெயர்தான் வியூகம்.

ஆங்கிலத்தில் அட்வகசி என்கிறார்கள். தமிழில் அதற்கு ஒரே சொல் இன்னும் நிலைபெறவில்லை. ‘ஆதரவு திரட்டல்’, ‘பரிந்துரைப் பணி’, ‘பரப்புரை’ என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். எனக்குப் ‘பரிந்து பேசுதல்’ பிடிக்கும், அதில் அக்கறையும் இருக்கிறது, வழக்காடும் வாயும் இருக்கிறது. முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவரிடம் பேசி ஒரு விதியையோ, ஒரு தீர்மானத்தையோ, ஓர் ஒதுக்கீட்டையோ மாற்றவைப்பதுதான் இது. உதவியோடு இதைக் குழப்பிக்கொள்வது எளிது. குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளும் ஒரு பாட்டியைப் பதிவிலாகாவுக்குக் கூட்டிப்போய்ப் படிவம் நிரப்பிக்கொடுத்தால் அது உதவி. பாட்டிகள் எல்லாரும் அதே படிவத்தின் அதே கட்டத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள் என்று கண்டுபிடித்து, அந்தக் கட்டத்தை எடுக்கச் சொல்லி உரியவரிடம் வாதாடினால் அது பரிந்து பேசுதல். நம் சங்கங்கள் முதல் வேலையில் கெட்டிக்காரர்கள். இரண்டாவது வேலைக்கு வரும்போது மகஜர் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

வியூகத்துக்குள் இருப்பவை நான்கைந்து கேள்விகள்தான். என்ன மாறவேண்டும்? மாற்றும் கை யாருடையது? அந்தக் கை அசைய என்ன தேவை? அதைக் கொடுக்கக்கூடியவர் யார்? எப்போது கொடுத்தால் எடுபடும்? வரிசை முக்கியம். நாங்கள் கடைசிப் படியில் ஏறி நின்றுகொண்டு, கீழே படிகளே இல்லை என்பதைத் தாமதமாகத்தான் பார்த்தோம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எந்தக் கல்லில் ஊர்வது என்று எறும்புக்கு யாரும் சொல்லித்தருவதில்லை.

கை யாருடையது?

மலேசியாவில் இந்தக் கேள்விக்கு விடை காண்பது கொஞ்சம் சிக்கலான வேலை. தெரு விளக்கு எரியவில்லை என்றால் நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சி உறுப்பினரிடம் போய்க் கேட்க வழியில்லை, அப்படி ஒருவர் இல்லை. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அவற்றை அடியோடு நீக்கிவிட்டது. பினாங்கில் மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. எனவே அங்கே அழுத்தம் போய்ச் சேரவேண்டிய இடம் பெரும்பாலும் மன்றத்துக்கு ஒரு படி மேலே, மாநில ஆட்சிக்குழுவில் இருக்கிறது. பினாங்குச் சட்டமன்றத்தின் 40 உறுப்பினர்களில் உங்கள் தொகுதிக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் வாயிலாக அங்கே போகலாம். கோலாலம்பூரில் அந்தப் படியும் கிடையாது. அது கூட்டரசுப் பிரதேசம், அதாவது மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் உள்ள பகுதி, அதற்குச் சட்டமன்றமே இல்லை. மாநகரத் தலைவரான டத்தோ பண்டார் நியமனம் பெற்றவர். மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் என்று இருப்பது 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள். ஒரே மாதிரிப் பிரச்சினைக்குப் பினாங்கில் ஒரு வழி, கோலாலம்பூரில் வேறு வழி.

தமிழ்ப்பள்ளி நில விவகாரங்கள் ஏன் பந்துபோல உருட்டப்படுகின்றன என்று பலருக்கும் ஆதங்கம் உண்டு. காரணம் பாதி அரசியல் என்றால் பாதி அரசியலமைப்பு. கல்வி கூட்டரசின் கையில், நிலம் மாநிலத்தின் கையில். கல்வி அமைச்சருக்கு எழுதினால் நிலம் மாநிலத்துடையது என்பார்கள், மாநிலத்துக்கு எழுதினால் பள்ளி அமைச்சினுடையது என்பார்கள். இரண்டும் சரியான பதில்கள். இரண்டு கைகளும் ஒரே மேசைக்கு வரும்படி திட்டமிட்டவர்களே அதில் நகர்ந்திருக்கிறார்கள்.

சாலை விஷயத்தில் எனக்குப் பின்னால் கிடைத்த அறிவு இது: கிலோமீட்டர்ப் பலகையில் எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. எண்ணுக்கு முன் ‘பி’ (P) என்ற ரோமன் எழுத்து இருந்தால் பினாங்கு மாநிலச் சாலை. இரண்டையும் பொதுப்பணி இலாகா பார்த்துக்கொள்கிறது. தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குள் ஓடும் தெருக்கள் பொதுவாக மன்றத்துடையவை. எங்கள் பள்ளிக்கு எதிரே, மாமரத்துக்குக் கீழே, பாசி படர்ந்த பலகை ஒன்று ஆண்டுக்கணக்காக நின்றுகொண்டிருந்தது. அதில் தெளிவாக எழுதியிருந்தது.

கையெழுத்துப் போடுபவர் ஒருவர், அவர் மேசைக்குக் காகிதம் தயாரித்து அனுப்புபவர் இன்னொருவர். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலாமவரைத் தேடி அலைவார்கள். அனுபவசாலிகள் இரண்டாமவரைத் தேடிப் போவார்கள். இரண்டாம் முறை நாங்கள் பொதுப்பணி இலாகாவுக்கு, மாலையும் படப்பிடிப்பாளரும் இல்லாமல் மூன்றே பேராகப் போனோம். முகப்பில் இருந்த பெண் ஓர் உதவிப் பொறியாளரைக் கூப்பிட்டார். இளம் மலாய்க்காரர். மகஜரை மரியாதையாக வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“காலையில் எத்தனை பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள்?”

எங்களிடம் அறுநூறு கையெழுத்து இருந்தது. அந்த எண் இல்லை.

அவர் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு விளக்கினார். பாதசாரிக் கடவை போடவேண்டும் என்று அவர் மேலிடத்துக்கு எழுதினால் மேலிடம் மூன்று விஷயம் கேட்குமாம்: கடப்பவர்கள் எண்ணிக்கை, வாகனங்களின் எண்ணிக்கையும் வேகமும், விபத்து நடந்ததற்கான காவல்துறைப் புகார். மூன்றும் இருந்தால் அடுத்த ஆண்டுக்கான பட்டியலில் சேர்க்க அவரால் முயற்சி செய்ய முடியும். எங்கள் மகஜரில் மூன்றும் இல்லை. புத்தகப்பை வார் அறுந்ததற்கு நாங்கள் காவல்நிலையத்தில் புகார் கொடுத்திருக்கவே இல்லை. “பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிட்டோம்” என்றார் என்னுடன் வந்த லெட்சுமி அக்கா. பொறியாளர் மெல்லத் தலையசைத்தார்.

வெளியே வந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். லெட்சுமி அக்கா பையிலிருந்து பழைய நாள்காட்டித் தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். நடுவில் ஒரு வட்டம் போட்டு அந்தப் பொறியாளரை எழுதினோம். அவருக்கு மேலே மாவட்டப் பொறியாளர். அதற்கும் மேலே பணம் ஒதுக்கும் இடம். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், இவர் யார் பேச்சைக் கேட்பார் என்று எழுதத் தொடங்கினோம். போக்குவரத்துக் காவல் அதிகாரி சொன்னால் கேட்பார். சட்டமன்ற உறுப்பினர் கேட்டால் பதில் சொல்லவேண்டும். பள்ளித் தலைமையாசிரியர் கடிதம் கொடுத்தால் கோப்பில் ஏறும். நாளிதழில் படம் வந்தால்? யோசித்துப் பார்த்தோம். தமிழ் நாளிதழைப் பொறியாளர் படிப்பதில்லை. படம் எங்களுக்காகத்தான் வந்திருக்கிறது.

தாளின் ஓரத்தில் லெட்சுமி அக்கா இன்னொரு வட்டம் போட்டார். “பிற்பகலில் யார் கடக்கிறார்கள் தெரியுமா?” என்றார். சாலைக்கு அந்தப் பக்கத்துக் கம்பத்தின், அதாவது கிராமத்தின், மலாய்ப் பிள்ளைகள், மாலைச் சமயப் பள்ளிக்கு. அதே சாலை, அதே லோரிகள். அதுவரை இதைத் தமிழ்ப்பள்ளிப் பிரச்சினை என்றே நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். மறுநாளே கம்பத்துத் தலைவர் வீட்டுக்குப் போனோம். அவருடைய பேத்தியும் அந்தச் சாலையைக் கடக்கிறவள்.

துறைசார்ந்தவர்கள் இப்படிப் போடும் படத்துக்கு ‘அதிகார வரைபடம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான்கு கட்டங்களும் வண்ணங்களும் கொண்ட அழகான படிவங்கள் உண்டு. நாள்காட்டித் தாளின் பின்பக்கம் போதும்.

என்ன கேட்பது?

‘பாதுகாப்பை உறுதிசெய்க’ என்று கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். அதுதான் சிக்கல். மறுக்கவே முடியாத கோரிக்கையை நிறைவேற்றவும் முடியாது. ‘ஆவன செய்யப்படும்’ என்ற பதிலோடு அது கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆம், இல்லை என்று ஒருவர் பதில் சொல்லக்கூடியதாக, அவர் அதிகாரத்துக்குள் அடங்குவதாகக் கோரிக்கை இருக்கவேண்டும். ‘பள்ளி வாசலிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நேராக, விளக்குடன் கூடிய வெள்ளைக்கோட்டுக் கடவை ஒன்று’ என்று எங்கள் இரண்டாவது கடிதத்தில் எழுதினோம். முதல் மகஜரில் இருந்த உருக்கம் அதில் இல்லை. எழுதிய எனக்கு அது சப்பென்றிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

கோரிக்கையைச் சுருக்கியதால் பெரிதாக வென்ற கதை ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. இளைஞர்களின் குரலுக்கு இடம் வேண்டும் என்று எத்தனையோ அமைப்புகள் எத்தனையோ ஆண்டுகளாகப் பேசிவந்தன. 2016இல் தொடங்கிய உண்டி18 (மலாயில் ‘உண்டி’ என்றால் வாக்கு) இயக்கத்து மாணவர்கள் அதை ஒரே எண்ணாகச் சுருக்கினார்கள்: வாக்களிக்கும் வயது 21லிருந்து 18. கை யாருடையது என்பதும் அதோடு தெளிவாகிவிட்டது. அரசியலமைப்பின் 119ஆவது பிரிவைத் திருத்தவேண்டும். அதற்கு மக்களவையின் 222 பேரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 வாக்குகள் வேண்டும். ஆளும் தரப்பு மட்டும் போதாது என்று அந்த எண்ணே சொல்லிவிட்டது. ஆகவே இரு தரப்பு உறுப்பினர்களையும் பார்த்தார்கள். 2019 ஜூலை 16 அன்று 211 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்து ஒருவர்கூட இல்லை.

கதை அத்தோடு முடிந்திருந்தால் பாடநூலில் சேர்த்திருப்பார்கள். 2021இல் நடைமுறைப்படுத்துவதை அரசு தள்ளிப்போட்டது. இளைஞர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கூச்சிங் உயர்நீதிமன்றம் ஆண்டு இறுதிக்குள் அமல்படுத்த உத்தரவிட்டது. டிசம்பர் 15 அன்று சட்டம் நடப்புக்கு வந்தது. வியூகம் என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு அபிமன்யு நினைவு வரும், உள்ளே போகத் தெரிந்து வெளியே வரத் தெரியாதவன். பரிந்து பேசும் குழுக்களில் பாதி அவனுடைய வாரிசுகள். அறிவிப்பு வந்த அன்றே வாழைப்பழமும் வடையும் வாங்கிக் கொண்டாடிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையில் இருக்கிற தூரத்தில்தான் பல வெற்றிகள் காணாமல் போகின்றன.

யார் வாயால், எந்தச் சான்றோடு?

இந்தப் பகுதிக்கு என்னிடம் இருக்கும் ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு நம் பெண்களுடையது. தோட்டப்புறங்களில் முதுகில் பம்பு மாட்டிக்கொண்டு களைக்கு மருந்தடித்த பெண்களில் பெரும்பகுதி தமிழர்கள். அந்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். மூக்கிலிருந்து இரத்தம் வரும், நகம் கழன்று விழும், தோல் வெந்து புண்ணாகும். ‘மருந்து வாடை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லிவிட்டு மறுநாளும் பம்பைத் தூக்கினார்கள். ஐரீன் பெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பு இந்தப் பெண்களோடு உட்கார்ந்து, அவரவர் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை அவர்கள் வாயாலேயே பதிவுசெய்தது. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்போடு சேர்ந்து 2002இல் அது ஆய்வறிக்கையாக வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்க அரசு முடிவெடுத்தது.

ஒரு மருத்துவர் வந்து ‘இந்த இரசாயனம் நச்சுத்தன்மை உடையது’ என்று சொல்வதற்கும், பதினைந்து ஆண்டு மருந்தடித்த ஒருவர் தன் விரல்களைக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்பவர் உடனே உணர்வார். ஆனால் இரண்டும் வேண்டும். விரல்கள் மனத்தைத் திருப்பும், கோப்பில் ஏறுவது ஆய்வறிக்கை. பாதிக்கப்பட்டவரை மேடையில் ஏற்றிக் கண்ணீர் விடவைத்துவிட்டு, பேச்சுவார்த்தை அறைக்குள் மட்டும் தலைவர்கள் போவது நம்மிடையே இருக்கும் கெட்ட பழக்கம். அறைக்குள்ளும் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.

இந்தக் கதையிலும் பின்னடைவு உண்டு. உற்பத்தியாளர்களும் தோட்ட நிர்வாகங்களும் சும்மா இருக்கவில்லை. மாற்று மருந்துக்குச் செலவு அதிகம், முறையாகப் பயன்படுத்தினால் ஆபத்தில்லை என்று அவர்களும் கதவு தட்டினார்கள். அவர்களுக்கும் வியூகம் இருந்தது. 2006இல் அரசு தடையைத் தளர்த்தியது. பிறகு மீண்டும் முதலிலிருந்து. முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1 அன்று. முதல் வெற்றிக்கும் இதற்கும் நடுவே பதினேழு ஆண்டுகளுக்கு மேல். திட்டத் தாளில் எதிர்த்தரப்புக்கு ஒரு பத்தி ஒதுக்கச் சொல்வது இதனால்தான். அவர்கள் யார், இதனால் அவர்களுக்கு என்ன நட்டம், யாரிடம் போய் என்ன சொல்வார்கள் என்று அவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து யோசித்து எழுதவேண்டும். எங்கள் சாலையில் எதிர்த்தரப்பு என்று லோரி முதலாளிகளை நினைத்தோம். உண்மையில் முணுமுணுத்தவர் கடவை வந்தால் வாசலில் வண்டி நிறுத்த முடியாமல் போகுமே என்று அஞ்சிய ஹார்டுவேர்க் கடைக்காரர். கடவையை ஐந்தாறு அடி தள்ளிப் போடலாம் என்றதும் அவரே எங்கள் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

எல்லா முரண்பாடும் ஐந்தாறு அடியில் தீராது. கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டிய ரிம்பா கியாரா பூங்கா வழக்கை வெற்றிக்கு உதாரணமாக எல்லாரும் சொல்கிறார்கள். பூங்கா நிலத்தில் எட்டு உயரமான குடியிருப்புக் கட்டடங்களுக்கும் ஒரு மலிவுவிலை வீட்டுக் கட்டடத்துக்கும் கொடுத்த மேம்பாட்டு அனுமதியை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் 2017இல் நீதிமன்றம் போனார்கள். உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்துசெய்தது, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அரசிதழில் வந்த நகரக் கட்டமைப்புத் திட்டத்தை மாநகராட்சி விருப்பப்படி ஒதுக்கிவைக்க முடியாது என்பது இப்போது சட்டம். நாட்டில் உள்ள எல்லாக் குடியிருப்பாளர் சங்கங்களுக்கும் இது பெரிய ஆயுதம்.

அந்த ஒன்பதாவது கட்டடம் யாருக்கு என்று பலர் கேட்பதில்லை. பூங்காவின் ஓரத்தில் வரிசை வீடுகளில் இருக்கும் குடும்பங்களுக்கு. அவர்கள் முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர்களும் அவர்கள் வாரிசுகளும். 1980களின் தொடக்கத்தில் தோட்டத்தை விட்டு வரச்சொன்னபோது அது தற்காலிக இடம், வீடு வரும் என்று சொல்லித்தான் கொண்டுவந்து வைத்தார்கள். தற்காலிகம் நாற்பது ஆண்டு ஆனது. திட்டம் வந்தபோது வீட்டுக்கு வழி இதுதான் என்று அவர்களுக்குக் காட்டப்பட்டது. மரத்தைக் காக்க நிற்பவர் ஒரு பக்கம், வீட்டுக்குக் காத்திருப்பவர் மறுபக்கம் என்று ஆகிவிட்டது. இருக்கும் இடத்திலேயே அவர்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கலாம் என்று குடியிருப்பாளர்கள் சொல்லத்தான் செய்தார்கள். ஆனாலும் தமிழ் வாசகனாக அந்தத் தீர்ப்புச் செய்தியைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி முழுதாக வரவில்லை. நாள்காட்டித் தாளில் வட்டம் போடும்போது, நம் கோரிக்கை நிறைவேறினால் நம்மைவிட இளைத்தவர் யாராவது இழக்கிறாரா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அவரைத் தேடிப் பிடிப்பதற்கு முன் நாம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

நேரம், கருவி, ஆபத்து

நேரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாட்டின் வரவுசெலவுத் திட்டம் பெரும்பாலும் அக்டோபரில் நாடாளுமன்றத்துக்கு வருகிறது. அமைச்சுகள் கணக்குப் போடுவது அதற்குப் பல மாதம் முன்பு. நவம்பரில் போய்ப் பணம் கேட்டால் அடுத்த ஆண்டு வா என்பார்கள், அது சாக்கு அன்று. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் பக்கத்து நிலத்தில் கட்டடம் வரப்போவதாக மன்றத்திடமிருந்து அறிவிப்பு வந்தால் ஆட்சேபம் சொல்ல 21 நாள் அவகாசம். அரசு அமைப்பின் முடிவை நீதிமன்றத்தில் மறுஆய்வுக்குக் கொண்டுபோக 3 மாதம். கோவில் திருவிழா முடியட்டும் என்று பொறுத்தவர்கள் இந்த அவகாசங்களைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

கருவிகளும் அப்படித்தான். சந்திப்பு, கடிதம், சட்டமன்றக் கேள்வி, பத்திரிகைச் செய்தி, கூட்டம், வழக்கு என்று பட்டியல் நீளம். எளியதும் செலவு குறைந்ததும் முதலில், முறுக்கவேண்டி வந்தால் அடுத்தது. பினாங்கில் இருப்பவர்களிடம் இன்னொரு கருவி இருக்கிறது. மாநிலத்தின் தகவல் சுதந்திரச் சட்டம் 2010இல் நிறைவேறி 2015இல் நடைமுறைக்கு வந்தது. மாநில அலுவலகங்களிடம் விண்ணப்பம் போட்டு ஆவணம் கேட்கலாம். நம்மவர்கள் அதை அதிகம் தொடுவதில்லை. தெருவில் கூட முடிவெடுத்தால் 2012ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டப்படி ஐந்து நாளுக்கு முன் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும். பிறகு மொழி. ஆள் திரட்டத் தமிழ், அலுவலகத்துக்கு மலாய். மகஜரைத் தமிழில் எழுதி மொழிபெயர்ப்பை இணைப்பாகப் பின்னால் குத்துவதைவிட, மலாயில் நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்றை முதல் கூட்டத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்தை மட்டும் சுருக்கமாக விடக்கூடாது. 1995இல் ஐரீன் பெர்னாண்டஸ் வெளியிட்டதும் மகஜர்தான், தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் துன்பத்தைப் பற்றியது. 1996இல் பொய்ச்செய்தி வெளியிட்டதாக அவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2003இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை. 2008இல் விடுதலை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்ற வாசல். அவர் தாங்கினார், அவருக்குப் பின்னால் ஓர் அமைப்பு நின்றது. நாம் கையெழுத்துக்கு நீட்டும் பலகைக்கு முன்னால் நிற்பவர் வேலை உரிமத்தில் இருக்கும் மருமகனாக இருக்கலாம், மேற்பார்வையாளரின் கண்ணுக்குப் பயந்த தோட்டத் தொழிலாளியாக இருக்கலாம். ‘போட்டுவிடுங்கள் ஐயா, ஒன்றும் ஆகாது’ என்று சொல்லுமுன் என்ன ஆகும் என்று நமக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவேண்டும். எங்கள் பள்ளியில் ஒருவர் கையெழுத்துப் போடத் தயங்கினார். அவரை எண்ணும் வேலைக்கு அனுப்பினோம். அதற்குப் பெயர் எழுதத் தேவையில்லை.

எண்ணும் வேலை ஐந்து பள்ளி நாள்கள் நடந்தது. பேருந்து நிறுத்தத்தில் நாசி லெமாக் விற்கும் ஆண்ட்டியின் மேசையில் ஒரு மூலை கிடைத்தது. தாளில் நான்கு பத்திகள்: நேரம், தனியாகக் கடக்கும் பிள்ளை, பெரியவரோடு கடக்கும் பிள்ளை, லோரி. நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் ஐந்து. மழை பெய்த புதன்கிழமைத் தாளில் மை பரவிப் பாதி தெரியவில்லை, அதை அப்படியே இணைத்தோம். கம்பத்துத் தலைவர் பிற்பகல் கணக்கைத் தனியாக எடுத்துக் கொடுத்தார். அறுந்த வாருக்கு லெட்சுமி அக்கா அந்தப் பிள்ளையின் தாயோடு காவல்நிலையம் போய்த் தாமதமாகவேனும் புகார் எழுதிவந்தார். இவற்றோடு ஒரு பக்கக் கடிதம். பொறியாளர் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மை பரவிய தாளைப் பார்த்துச் சிரித்தார். கடவை வர இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. பட்டியலில் எங்கள் முறை வரவேண்டுமே.

இப்போது அந்த வெள்ளைக்கோடுகள் மங்கத் தொடங்கிவிட்டன. போன மாதம் கூட்டத்தில் ஒரு புதிய தாய் எழுந்து மகஜர் கொடுக்கலாமா என்று கேட்டார். அந்தப் பொறியாளர் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு யார் வந்திருக்கிறார் என்று கேட்கத் திங்கட்கிழமை அழைக்கவேண்டும். எண் என் கைப்பேசியில் இல்லை, நாள்காட்டித் தாளில் இருக்கிறது. தாள் லெட்சுமி அக்காவிடம்.